கீழே இறங்காத தண்ணீர்

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தை ரேடியோ முதலில் சட்டை செய்யவில்லை.

"யாரோ கதவைச் சாத்துறாங்க," என்றான். "சாத்தட்டும். குளிராவது உள்ள வராம இருக்கும்."

வக்கீலம்மா கதவருகே போய்க் கையால் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு இம்மியும் நகரவில்லை.

"சாத்தலை. பூட்டிட்டாங்க."

"நம்மளையா?"

"இல்ல, அடுப்பை. நீயும் நானும் சும்மா பக்கத்துல நிக்கிறோம்."

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. காலையில் திறந்த வாயைப் படுக்கப் போகும்வரை மூடமாட்டான் என்பதால் தெரு வைத்த பெயர். கோர்ட்டில் பத்துப் பேரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வக்கீலம்மா துப்பறியக் கிளம்பிய நாளிலிருந்து, அவருக்கு வண்டி ஓட்டுவதும் பை தூக்குவதும் நடுநடுவே வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவன் வேலை.

அவர்கள் மாட்டிக்கொண்டிருந்தது மரவாடி முதலாளி வீட்டின் கீழ்த்தளச் சமையலறையில். பாதி மண்ணுக்குள் புதைந்த அறை. முன்பு விறகு அடுக்கி வைத்த இடம் என்பதால் தாழ்ப்பாள் வெளியில்தான். தலைக்கு மேலே, வெளித் தரை மட்டத்தில், இரும்புக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்கு அப்பால் பகலா சாயங்காலமா என்று தெரியாதபடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. செல்போன் இரண்டும் காரில் சார்ஜில் கிடந்தன.

அறையில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். முதலாளியின் மனைவி. முழங்கைவரை சாம்பல் படிந்த கையோடு அடுப்பின் முன்னால் குந்தியிருந்தவர், தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார். முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பதை ரேடியோ கவனித்தான். இந்த வீட்டில் கதவு சாத்தப்படுவது அந்த அம்மாவுக்குப் புதிதில்லை போலிருந்தது.

டொக். டொக். டொடொக்.

அடுப்புதான். கறுப்பு வார்ப்பிரும்பில் இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த புது விறகு அடுப்பு. அதன் முதுகுக்குள் யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருப்பதைப் போல விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் இவர்கள் கீழே வந்ததே.

கதை இதுதான். முதலாளி வீட்டு வெந்நீருக்காக ஒரு பிளம்பர் வந்து இந்த அடுப்பைக் குழாயோடு இணைத்துவிட்டுப் போனார். போன கொஞ்ச நாளில் முதலாளியம்மாவின் நகைப் பை காணோம். அவருடைய அம்மா கொடுத்த வளையலும் சங்கிலியும். குழாய் போட அலமாரி வரைக்கும் போய்வந்த வெளியாள் பிளம்பர் ஒருத்தர்தானே! போலீஸ் அவரைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்று கோர்ட் கலைவதற்குள் எதையாவது காட்டாவிட்டால் அவர் நேராக ஜெயிலுக்குப் போவார். பிளம்பரின் மனைவி வந்து வாசலில் அழுததில்தான் வக்கீலம்மா இந்த வழக்கைக் கையில் எடுத்தார்.

காலையில் லாக்கப்பில் போய்ப் பார்த்தபோது, பிளம்பர் "நான் எடுக்கலைம்மா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மற்ற நேரமெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றியே கேட்டார். நகை போன மறுநாளிலிருந்து அடுப்பு தட்டுகிறதாமே, ஏன் தட்ட வேண்டும், நான் விட்டுவிட்டு வந்தபோது பூனை மாதிரிச் சத்தமில்லாமல்தானே இருந்தது என்று.

"இவர் நகைக்கு வருத்தப்படுறாரா, அடுப்புக்கு வருத்தப்படுறாரா?" என்று ரேடியோ அப்போதே கிண்டல் செய்தான். வக்கீலம்மா சிரிக்கவில்லை. நகை போனதும் அடுப்பு தட்ட ஆரம்பித்ததும் அடுத்தடுத்து நடந்திருக்கிறது என்பது அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் நகை இருந்த அலமாரியைப் பார்க்கவில்லை. மாடியில் படுக்கையறைக் கூரையைப் பார்த்தார். அங்கே பரங்கிக்காய் அளவுக்கு ஒரு ஈரத் திட்டு. மழை ஒழுகல் என்றார் முதலாளி. மேலே பரணில் அடுப்புக்கென்று ஒரு குட்டித் தொட்டி இருக்கிறது, அது வழிகிறது என்றார் முதலாளியம்மா.

"யார் அதுல தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"நான்தான். ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஒரு செம்பு ஊத்துவேன். ஆனா இப்பல்லாம் ஊத்தறதே இல்ல. அதுவாவே வழியுது."

அங்கேயே வக்கீலம்மாவின் புருவம் மேலே போனது. கூடத்துக்கு வந்து, முதலாளியும் ஊரிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனரும் உட்கார்ந்திருந்த இடத்தில், வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்: "முதல்ல கீழ போய் அடுப்புச் சத்தத்தைக் கேக்கறேன். அப்புறம் அந்தப் பரண் தொட்டிக்குள்ள கையை விட்டுப் பாக்கறேன்." பொறி வைக்கிறார் என்பது ரேடியோவுக்குப் புரிந்தது. திருடன் பதறிப்போய் மேலே ஓடி, பையோடு வெளியே வந்தால், கேட் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்.

பொறி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் உள்ளே மாட்டியது வைத்தவர்களே.

"பரவாயில்ல," என்றான் ரேடியோ, விறகுக் குவியல் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு. "அவன் பையை எடுப்பான், கான்ஸ்டபிள் பிடிப்பாரு, நம்மளைத் திறந்து விடுவாங்க. அதுவரைக்கும் இலவசமா குளிர் காயலாம். நீங்களே சொன்னீங்கல்ல, சத்தம் நல்லாக் கேக்கணும், அடுப்பு நிறைய விறகு போடுங்கன்னு."

வக்கீலம்மா ஒரு கரண்டியை எடுத்து, அடுப்புக்குப் பின்னால் சுவரோரமாக ஏறும் செம்புக் குழாய்களில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக இருந்த மெல்லிய குழாயைத் தட்டியதும் கரண்டி அப்படியே நின்றது. கோயில் மணிபோல் 'டங்' என்று கேட்டது.

"இது எங்கேர்ந்து வருது?" அவர் குரல் மாறியிருந்தது.

"பரண் தொட்டியோட அடியிலேர்ந்து," என்றார் முதலாளியம்மா. "அடுப்புக்கு முதுகுல ஒரு தண்ணிப் பெட்டி இருக்குல்ல. அதுல சுடுற தண்ணி தானா மேல ஏறி, மாடியில இருக்கிற வெந்நீர் டேங்கைச் சூடாக்கிட்டுக் கீழ வரும். மோட்டார் கிடையாது. குறையற தண்ணியைத் தொட்டிதான் இந்தக் குழாய் வழியா கொடுக்கும்னு பிளம்பர் காட்டினார். அதிகமாக் கொதிச்சா, அதோ அந்த இன்னொரு குழாய் வழியா மேல போய்த் தொட்டியிலயே விழுந்துடும்."

"மேல போறது சரியாப் போகுது. அதான் தொட்டி வழியுது." வக்கீலம்மா மறுபடி தட்டினார். டங். "ஆனா மேல போன தண்ணி கீழ இறங்கலை. குழாய் காலி. தொட்டியோட அடி ஓட்டையில ஏதோ பை உக்காந்து அடைச்சிருக்கு."

"பிரமாதம்!" ரேடியோ துள்ளி எழுந்தான். "நகை இருக்கிற இடம் தெரிஞ்சாச்சு. பிளம்பர் பண்ணலைங்கறதும் தெரிஞ்சாச்சு. அந்தத் தொட்டிதான் அடுப்புக்கு உயிர்னு தெரிஞ்ச மனுஷன் அதுல போய் மூட்டையை ஒளிப்பாரா? போலீஸ்கூடப் பலகையைத் தூக்கிப் பாத்து, துருப்பிடிச்ச தண்ணின்னு மூடிட்டு வந்துட்டாங்க. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ரேடியோ, மேல தொட்டி நிறையத் தண்ணி. கீழ வறண்டுபோன இரும்பு. நடுவுல ஒரு பை. இப்ப அந்தப் பையை யாராவது எடுத்தா?"

"தண்ணி இறங்கும்."

"மொத்தமா இறங்கும். பழுக்கக் காய்ஞ்ச பெட்டிக்குள்ள."

"சுர்ருன்னு ஆவி வரும்."

"அவ்வளவு ஆவியும் வெளிய போக அந்தச் சின்னக் குழாய் பத்தாது. வெடிக்கும். இந்த அறையில ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்." அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சரி, இப்ப நம்மளைப் பூட்டிட்டுப் போனவன் எங்க போயிருப்பான்?"

பையை எடுக்க. அது புரிந்ததும் ரேடியோ நேராகக் கதவுக்குப் போய் இரண்டு கையாலும் இடித்தான், உதைத்தான், கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கத்தினான். கேட் இருந்தது வீட்டின் அந்தப் பக்கம். தகரக் கூரையில் மழை இறங்கிய இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பி ஓடிவந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான்.

"வை கீழ!" வக்கீலம்மா சீறினார். "எரியற இரும்பு மேல நீயே தண்ணியை ஊத்திக் காரியத்தை முடிச்சுடாத. முதல்ல காத்தை அடை. அப்புறம் நெருப்பை வெளிய வாரு."

முதலாளியம்மா அதற்குள் அடுப்பின் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டு, சாம்பல் அள்ளும் தகர முறத்தையும் இடுக்கியையும் எடுத்து நீட்டினார். ரேடியோ மேஜையை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டான். அடுப்புக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. கட்டைகள் தணலாகிக் கிடந்தன. ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்து, முறத்தில் போட்டு, மேஜை மேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கு நடுவே மழையில் தள்ளினான். வெளியே சேற்றில் ஒவ்வொன்றும் புஸ்ஸென்று அணைந்தது. உள்ளே புகை கண்ணைக் கரித்தது.

"நல்லா நிறையப் போடுங்கன்னு சொன்ன வாயை எங்க கொண்டுபோய் வைக்கிறது," என்று முனகினான்.

"நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. நீ வாரு."

அவர் அப்படி ஒப்புக்கொண்டது அவனை இன்னும் பயமுறுத்தியது. வக்கீலம்மா தோற்றுப்போன கேஸில்கூட அப்படிச் சொன்னதில்லை.

சொல்லிவிட்டு அவர் முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "அந்தத் தொட்டி உபயோகத்துல இருக்குன்னு இந்த வீட்ல யாருக்குத் தெரியாது?"

"எல்லாருக்கும் தெரியுமே. பிளம்பர் முடிச்ச அன்னைக்குக் குழாய்த் தண்ணி மேல ஏறலை. நான், சமையல்காரம்மா, டிரைவர் எல்லாரும் படியில வரிசையா நின்னு கைமாத்திக் கைமாத்திப் பக்கெட்டு பக்கெட்டா ஊத்தி ரொப்பினோம்."

"அன்னைக்கு இல்லாதவங்க?"

முதலாளியம்மா கொஞ்சம் தயங்கினார். "என் தம்பி. அவன் அதுக்கப்புறம்தான் வந்தான்."

ரேடியோ முறத்தோடு நின்று பார்த்தான். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அவனா இருக்காது, வக்கீலம்மா. அவன் நகைக்கு வரலை. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தான்."

"எங்க?"

"இந்த வீட்டை விட்டு." முந்தானையால் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சாம்பல்தான் அப்பியது. "தங்கச்சி ஊர்ல ஒரு தையல் கடை போடலாம்னு இருந்தேன். அம்மா கொடுத்த நகை ஒண்ணுதான் என்கிட்ட என்னோடதுன்னு இருந்தது. விடிஞ்சா கிளம்பணும். காலையில அலமாரியைத் திறந்தா பை இல்ல. வெறுங்கையோட எங்க போறது? நின்னுட்டேன்."

அடுப்பு தட்டியது. டொடொக். குழாய்கள் நடுங்கின.

"நகை போனதால நீங்க நின்னுட்டீங்க," என்றார் வக்கீலம்மா மெதுவாக. "அப்போ உங்க தம்பிக்கு நஷ்டம். யாருக்கு லாபம்?"

முதலாளியம்மா அவரையே பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் என்கிட்ட சொன்னார், பக்கெட்ல பாதியை நானே தூக்கினேன், முதுகு விட்டுப்போச்சுன்னு. அதனாலதான் நான் அவரைக் கணக்குலயே சேக்கலை."

"அவரா?" அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். "மரவாடியில எவன் தடி தூக்கினாலும் நான் தூக்கினேன்னுதான் சொல்லுவார். அன்னைக்கு நாள் பூரா அவர் வீட்லயே இல்ல. சாயங்காலம் வந்து வெந்நீர்ல குளிச்சார், எல்லார்கிட்டயும் நானே தண்ணி சுமந்தேன்னு பேசினார். அவர் பரண் ஏறி நான் பார்த்ததே…"

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

மேலே எங்கோ ஒரு பலகை உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழாய்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சிமெண்ட் பூச மறுபடி வருவதற்குள் பிளம்பரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் வழியாகப் பரண் வரைக்கும் நேர்வழி. மேலே ஒருவர் மூச்சிரைப்பதுகூடக் கேட்டது.

"என்னங்க!" முதலாளியம்மா ஓட்டைக்குக் கீழே போய்க் கத்தினார். "தொட்டியில கையை வைக்காதீங்க!"

மூச்சு நின்றது. தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"யாரு நீ… நீயும் அங்கதான் இருக்கியா?" முதலாளியின் குரல்தான். அவருக்கே அது எதிர்பாராதது போலிருந்தது. "அந்த வக்கீலும் ஆளும் மட்டும்தான்னு நினைச்சேன்."

"ஐயா, கவனமாக் கேளுங்க." வக்கீலம்மா விஷயத்தைச் சுருக்கமாக, ஒரு வார்த்தை வீணாக்காமல் சொன்னார். பை, ஓட்டை, வறண்ட இரும்பு, தண்ணீர். "எடுத்தீங்கன்னா வெடிக்கும். உங்க மனைவி இங்க இருக்காங்க. வந்து கதவைத் திறங்க. மத்ததைப் பேசிக்கலாம்."

"கதை விடுறீங்க."

அடுப்பு அந்த நேரம் பார்த்துப் பலமாக இடித்தது. அந்த அதிர்ச்சி குழாயோடு மேலேறி, தொட்டியின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது இங்கேயே கேட்டது. அதற்குப் பிறகு மேலேயிருந்து வந்த குரலில் சந்தேகம் இல்லை.

சந்தேகம் போன இடத்தில் வேறொன்று வந்திருந்தது.

"அப்போ இது என் கையில இருக்கு," என்றார் முதலாளி நிதானமாக. "சரி. நீ ஒண்ணு சொல்லு. எங்கயும் போக மாட்டேன்னு சொல்லு. உன் தம்பியை இன்னைக்கே அனுப்பிடுறேன்னு சொல்லு. கீழ வந்து திறக்குறேன். ரெண்டு பேரும் மறந்துடலாம்."

ரேடியோவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சொல்லித் தொலைங்கம்மா," என்று கிசுகிசுத்தான். "வெளிய போனதும் மாத்திக்கலாம். உயிரு முக்கியம்."

வக்கீலம்மா அவன் கையில் கிள்ளி அடுப்பைக் காட்டினார். பாதித் தணல் இன்னும் உள்ளே. அவன் வாயை மூடிக்கொண்டு முறத்தைத் தூக்கினான். வக்கீலம்மா விரலைக் குடத்தில் நனைத்து அடுப்பின் மேல்தட்டில் ஒரு சொட்டு உதறினார். சொட்டு துள்ளித் துள்ளி ஓடிக் காணாமல் போனது. அவர் முதலாளியம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். இன்னும் இல்லை. பேசுங்கள்.

அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அவர் ஓட்டைக்குக் கீழே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்றேங்க. அவசரப்படுத்தாதீங்க. இத்தனை வருஷத்துல நீங்க நின்னு கேட்டதே இல்ல. இன்னைக்குக் கேளுங்க."

பேசினார். ஏசவில்லை, அழவில்லை. கல்யாணமான புதிதில் தன் தையல் மெஷினைக் கணவர் விற்றது. தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல் வரை அழைத்துப் போய்த் திரும்பக் கூட்டிவந்தது. வெளியில் போகச் செருப்பைத் தேடினால் அது எப்போதும் டிரைவரின் அறையில் இருப்பது. கடைக்குப் போனால் பின்னாலேயே ஒரு ஆள் வருவது. ஒவ்வொன்றையும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுமையாக எடுத்து வைத்தார். நடுநடுவே மேலேயிருந்து "அதுக்கு இப்ப என்ன?" என்று குரல் வந்தது. "இருங்க, இன்னும் இருக்கு," என்றார் இவர்.

ரேடியோ நெருப்பை வாரிக்கொண்டே இருந்தான். கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. அவன் இந்த வழக்கில் இதுவரை சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வெட்கப்பட்டான். அரை மணி நேரமாக அடைபட்டதற்கே தனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறதே, இந்த அம்மா எப்படி இத்தனை காலம் இருந்தார் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தணலை இடுக்கியால் பிடித்தான்.

கடைசித் தணலும் ஜன்னலுக்கு வெளியே போனது. வக்கீலம்மா ஒரு சொட்டு உதறினார். சுர்ரென்று தீய்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இந்தத் தடவை அது உட்கார்ந்து, நுரைத்து, அப்புறம்தான் காய்ந்தது. பிறகு மற்றொன்று. அது ஆவியை மெல்ல விட்டுக்கொண்டு அப்படியே நின்றது. தட்டல் சத்தமும் ஓய்ந்திருந்தது.

வக்கீலம்மா மேஜையைக் கவிழ்த்து அடுப்புக்கும் தங்களுக்கும் நடுவே நிறுத்தினார். ரேடியோ விறகுக் கட்டைகளை அதற்கு முட்டுக் கொடுத்தான். இருவரும் முதலாளியம்மாவை உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினார்கள். வெடிக்காது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனால் இனிமேல் பிழைக்க வாய்ப்பு இருந்தது.

"முடிச்சிட்டியா?" என்றது மேலேயிருந்த குரல். "இப்ப சொல்லு. போக மாட்டேன்னு சொல்லு."

மாட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். இப்போதுகூட அவர் இறங்கி வந்து திறந்துவிடுவார். ரேடியோ அந்த அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளியம்மா மேஜைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"நான் போறேங்க. நகை இருந்தாலும் போறேன், இல்லாட்டியும் போறேன். நீங்க கீழ வந்து கதவைத் திறங்க."

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. மேலே அவர் எழுந்து நிற்கிறார், கீழே வரப்போகிறார் என்றுதான் ரேடியோ நினைத்தான். என்னதான் இருந்தாலும் மனுஷன்தானே என்று நினைத்தான். அவர் மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"அப்போ போ," என்றது குரல்.

தண்ணீர் இறங்கியது.

காலிக் குழாயில் அது இறங்கிய ஓசை கூரையிலிருந்து சுவர் வழியாக ஓடிவந்து அடுப்புக்குள் பாய்ந்தது. வக்கீலம்மா மற்ற இருவரின் தலையையும் பிடித்துக் கீழே அழுத்தினார். அடுப்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. இரும்பு அலறியது. அடுத்தடுத்து மூன்று நான்கு இடி, வீட்டின் எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில். பட்டென்று எங்கோ விரிசல் விழ, வெள்ளை ஆவி பீறிட்டு அறையை நிறைத்தது. ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தான்.

அடுத்தது வரவில்லை. அடுப்பின் அடியிலிருந்து சுடுதண்ணீர் ஒழுகித் தரையில் பரவியது. அவ்வளவுதான்.

"அக்கா!" கதவுக்கு வெளியே ஒரு குரல். தாழ்ப்பாள் இழுபட்டது. குழாய்கள் இடித்த இடியில் வீடே அதிர்ந்திருக்க வேண்டும். தம்பி காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்திருந்தான். "அக்கா, என்னாச்சு? மாமா பின்பக்கமா ஓடுறாரு!"

பின்பக்கம் ஓடினாலும் கேட் ஒன்றுதான். அவர்கள் படியேறி வாசலுக்கு வந்தபோது, கான்ஸ்டபிள் முதலாளியின் தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தார். முதலாளியின் வலது கை தோள்பட்டை வரை நனைந்து துருக்கறை படிந்திருந்தது. அந்தக் கையில் பை சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி உயிரோடு வருவதைப் பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன. அது சந்தோஷம் இல்லை என்பது ரேடியோவுக்கு நன்றாகத் தெரிந்தது.

வக்கீலம்மா காருக்குப் போய் போனை எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டார். "பிளம்பரை வெளிய விடுங்க. நகை வீட்டுக்காரர் கையிலயே கிடைச்சிடுச்சு," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கான்ஸ்டபிள் தொப்பியிலிருந்து மழைத்தண்ணீரை உதறினார். அவருக்கு இன்னும் தலைகால் புரியவில்லை. புருஷன் பெண்டாட்டி நகையை எடுத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சங்கடப்பட்டார்.

"அம்மா, புகார்ல திருட்டுன்னு எழுதிக்கவா? இல்ல, குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கறீங்களா?"

முதலாளியம்மா கணவரைப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிள் பறித்து வைத்திருந்த பையை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் தம்பியிடம் கொடுத்தார்.

"திருட்டு அப்புறம்," என்றார். "எடுத்தா நான் செத்துடுவேன்னு தெரிஞ்சு, 'அப்போ போ'ன்னு சொல்லிட்டு எடுத்தாரு. முதல்ல அதை எழுதுங்க."